மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் எங்கே?

பெறுநர்: ‘ஒன் லைஃப்’ திரைப்படத்தை எடுத்தவர்களும், அதை ஊர் ஊராக விற்றவர்களும்.

பொருள்: 1939 – பிராக் நகரிலிருந்து 669 குழந்தைகளை மீட்டது – படத்தில் விடுபட்டுப்போன ஓர் ஆள் – சேர்க்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் 2023-ஆம் ஆண்டுத் திரைப்படம்.

ஐயா, அம்மையீர்,

முப்பத்திரண்டு ஆண்டுகள் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ‘பொருள்’, ‘பார்வை’ இல்லாமல் எனக்குக் கடிதம் வராது, பொறுத்துக்கொள்ள வேண்டும். உங்களில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது என்பதும் தெரியும். எழுதிய மனு போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமலேயே காத்திருந்த ஆயிரக்கணக்கானவர்களுக்கு எதிர்ப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன். ஒருமுறை நானும் அப்படி எழுதிப் பார்க்கிறேனே.

உங்கள் படத்தை மகள் வீட்டில் இரண்டு முறை பார்த்தேன். முதல் முறை எல்லாரையும்போல அழுதேன். இரண்டாம் முறை கோப்பைப் படிப்பதுபோலப் படித்தேன். இந்த மடல் அந்த இரண்டாம் முறையிலிருந்து வருகிறது.

முதலில் நன்றி. யூதர்களை நாஜிகளிடமிருந்து காப்பாற்றிய கதைகள் என்று நான் பார்த்தவற்றில் பெரும்பாலும் நாயகனிடம் ஒரு தொழிற்சாலை இருக்கும், அல்லது சீருடை இருக்கும், அல்லது ஒளித்துவைக்க ஒரு நிலவறை இருக்கும். உங்கள் நாயகனிடம் இருந்தது ஒரு தட்டச்சு இயந்திரம், கொஞ்சம் கார்பன் தாள், பிடிவாதமான ஓர் அம்மா. நிக்கோலஸ் விண்டன் லண்டன் பங்குத் தரகர், வயது 29. 1938 டிசம்பரில் சுவிட்சர்லாந்துக்குப் பனிச்சறுக்கு விளையாடப் போகவேண்டியவர், நண்பர் மார்ட்டின் பிளேக் கூப்பிட்டார் என்பதற்காக அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவின் தலைநகர் பிராக் போகிறார். வென்செஸ்லாஸ் சதுக்கத்தில் ஒரு ஹோட்டல் அறை. சுமார் மூன்று வாரம். திரும்பி வந்து, பகலில் பங்குச் சந்தை, மாலையிலும் இரவிலும் குழந்தைகளின் விண்ணப்பங்கள். எட்டு மாதத்துக்குள் 669 பேர் பிரிட்டன் வந்து சேர்ந்தார்கள். இவ்வளவையும் துப்பாக்கிச் சத்தத்தை நம்பாமல், தாள் புரட்டும் சத்தத்தை நம்பிச் சொல்லியிருக்கிறீர்கள். எங்கள் எழுத்தர் இனத்தைத் திரையில் நல்லவனாகக் காட்டிய படங்கள் மிகக் குறைவு. எங்கள் ஊர்ப் படங்களில் எழுத்தர் என்றால் மேசைக்கு அடியில் கை நீட்டுகிறவன்தான்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. அகதிகளுக்கான பிரிட்டிஷ் குழு ஒன்று ஏற்கெனவே இருந்தது. விண்டன் அதன் பெயரில் கடிதத் தாள் அச்சடித்து, கீழே ‘குழந்தைகள் பிரிவு’ என்று சேர்த்துக்கொள்கிறார். அப்படி ஒரு பிரிவை யாரும் உருவாக்கவில்லை, யாரும் அவரை நியமிக்கவும் இல்லை. தாளில் பிரிவு பிறந்தது. பிறகு அந்தப் பிரிவுக்கு வேலை வந்தது. குழு பின்னால் வந்து ஏற்றுக்கொண்டது. வெளியாருக்கு இது சாமர்த்தியமாகத் தெரியும். எங்களுக்கு இது தற்காலிகப் பணி நீக்கத்துக்குரிய குற்றம். அரசாணை எண் இல்லாமல் ஒரு பிரிவைத் தொடங்குவது என்பதை நினைத்துப் பார்க்கவே எனக்கு இன்றும் கை கூசுகிறது. அதனால்தான் அந்த மனிதரின் துணிச்சல் எவ்வளவு என்று எங்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் புரியும்.

அடுத்து வருவது ஐம்பது பவுண்டு. ஒவ்வொரு குழந்தைக்கும் பிரிட்டிஷ் உள்துறை கேட்டது ஒரு விண்ணப்பம், ஒரு மருத்துவச் சான்று, ஏற்றுக்கொள்ள ஒரு குடும்பம், அதற்கு மேல் ஐம்பது பவுண்டு உத்தரவாதத் தொகை. உழைப்பாளிக் குடும்பத்துக்குப் பல வாரக் கூலி அது. எதற்கு அந்தத் தொகை? குழந்தை பின்னாளில் தன் நாட்டுக்குத் திரும்பிப் போகும்போது ஆகும் செலவுக்கு. உள்ளே வருவதற்கு முன்பே வெளியே அனுப்புவதற்கான பணத்தை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள்.

இந்த நிபந்தனையைப் படத்தில் சொல்கிறீர்கள். பார்க்கிறவர்கள் ஐயோ, இது வேறா என்று சலித்துக்கொண்டு, விண்டன் எப்படிப் பணம் திரட்டப் போகிறார் என்ற கவலைக்குப் போய்விடுகிறார்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். அந்த வாக்கியத்தை யாரோ எழுதியிருக்கிறார்கள். வரைவு போட்டு, மேலதிகாரிக்குச் சமர்ப்பித்து, அவர் ஒரு சொல்லை அடித்து வேறு சொல் போட்டு, சுத்தப் பிரதி எடுத்து, கையெழுத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். இருபத்தைந்தா, ஐம்பதா என்று யோசித்திருப்பார்கள். எழுதியவர் மாலையில் குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்த் தன் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்திருப்பார். நான் தேடும் ஆள் அவர்தான். உங்கள் படத்தில் அவர் இல்லை.

இருக்கிறாரே, உள்துறை அலுவலகக் காட்சி வருகிறதே என்பீர்கள். வருகிறது. விண்டனின் அம்மா பாபெட் நேரே அந்த அலுவலகத்துக்குள் போகிறார், அதிகாரியை உட்கார வைத்து, இந்த நாட்டைப் பற்றித் தான் நம்பியதை எடுத்துச் சொல்கிறார், அதிகாரி இளகிவிடுகிறார். ஹெலினா பான்ஹம் கார்ட்டரின் நடிப்பில் குறையே இல்லை. அவர் என் மேசைக்கு முன்னால் வந்து அப்படி நின்றிருந்தால் நானும் எழுந்து நாற்காலி போட்டிருப்பேன். ஆனால் நாற்காலி போடுவதும் கோப்பை நகர்த்துவதும் வேறு வேறு வேலை. ஓர் அம்மாவின் பேச்சில் கதவு திறந்துவிடும் என்றால், திறக்காத கதவுகளுக்கு முன்னால் நின்ற அம்மாக்கள் சரியாகப் பேசவில்லை என்று ஆகிவிடும்.

நடந்தது என்ன என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். லண்டனிலிருந்து அனுமதித் தாள்கள் வரவேண்டிய வேகத்தில் வரவில்லை. பிராகில் இருந்தவர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் போலித் தாள்கள் தயாரித்துக் குழந்தைகளை ஏற்றி அனுப்பினார்கள். 1939 மார்ச் 15-இல் ஜெர்மன் படை பிராகில் நுழைகிறது; முதல் குழு அதற்கு முந்தைய நாள்தான் விமானத்தில் கிளம்பியிருந்தது. அதற்குப் பிறகு ஆகஸ்ட் 2 வரை ஏழு ரயில்கள், எல்லாம் ஜெர்மனியின் ஊடாகவே. ஆக, நகரத்தில் இருந்த ஜெர்மன் ரகசியப் போலீஸ் முத்திரை குத்தி வழிவிட்டது. காப்பாற்ற வேண்டிய நாட்டின் அலுவலகம் கோப்பைக் கட்டி வைத்திருந்தது. இந்த ஒரு வரியை வைத்தே ஒரு முழுப் படம் எடுக்கலாம்.

அந்தத் தாமதத்தைத் தீமை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, காரணம் உண்டு. என் பணியின் பதினோராம் ஆண்டோ பன்னிரண்டாம் ஆண்டோ, முதியோர் உதவித்தொகை கேட்டு ஓர் அம்மாள் மனு கொடுத்திருந்தார். அவர் ஏற்கெனவே இணைத்திருந்த சான்றிதழ் ஒன்று வேறொரு கட்டில் போய்ச் சேர்ந்துவிட்டது. சான்று வரவில்லை என்று குறிப்பு எழுதித் தன்பதிவேட்டில் நிலுவை என்று காட்டி வைத்தேன். மாதா மாதம் அந்த வரியை அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோனேன். நான்கு மாதம். அவர்மீது எனக்குப் பகை இல்லை. பணம் எதிர்பார்க்கவும் இல்லை. நல்ல கையெழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல், நிலுவை என்று எழுதினேன். ஆணை தயாரானபோது வாங்கிப்போக வந்தவர் அவர் மகன். தலையை மழித்திருந்தார்.

அதனால் சொல்கிறேன், அந்த உள்துறை எழுத்தரை எனக்குத் தெரியும். அவர் யூதர்களை வெறுத்தவராக இருக்கவேண்டிய அவசியமே இல்லை. வெறுத்திருந்தால் படம் எடுப்பது எளிது. மீசையை முறுக்கவிட்டு ஒரு வில்லனைப் போட்டுவிடலாம்.

சரி, எழுத்தர் கடைநிலை. அவருக்கு மேலே யார் இருந்தார்கள்? பிராக் முகாம்களில் அந்தக் குளிர்காலத்தில் சேற்றில் கிடந்த குடும்பங்கள் எங்கிருந்து வந்தன? ஜெர்மன் எல்லையை ஒட்டிய செக்கோஸ்லோவாக்கியப் பகுதியான சுடேட்டன்லாந்திலிருந்து பெரும்பகுதி. அந்த நிலத்தை 1938 செப்டம்பர் கடைசியில் மூனிக்கில் ஹிட்லருக்குக் கொடுக்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டவர்களில் பிரிட்டனின் பிரதமர் ஒருவர். செக்கோஸ்லோவாக்கியாவை அந்த மேசைக்குக் கூப்பிடவே இல்லை. வீட்டை எழுதிக் கொடுத்தவர்களே, வீடிழந்த குழந்தையிடம் திரும்பிப்போகும் செலவுக்கு ஐம்பது பவுண்டு கேட்கிறார்கள். உங்கள் படத்தில் மூனிக் வருகிறது, ஒரு தகவலாக. கேட்டவுடன் நெஞ்சில் உறைக்கும்படி வரவில்லை.

இன்னும் பின்னால் போனால் 1938 ஜூலை. பிரான்சில் ஏவியான் என்ற ஏரிக்கரை ஊர். 32 நாடுகளின் பிரதிநிதிகள் கூடி, ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் இருந்து விரட்டப்படும் யூதர்களுக்காக ஒவ்வொருவராக எழுந்து வருத்தப்பட்டார்கள். பெரிய எண்ணிக்கையில் எடுத்துக்கொள்கிறோம் என்று சொன்னது டொமினிக்கன் குடியரசு மட்டும். அமெரிக்காவில் 20,000 குழந்தைகளை அனுமதிக்க 1939-இல் வந்த மசோதா வாக்கெடுப்புக்கே வராமல் செத்தது. விண்டன் அமெரிக்க ஜனாதிபதிக்கே கடிதம் எழுதினார். அது எங்கள் மொழியில் சொன்னால் ‘உரிய நடவடிக்கைக்காக’ இறங்கி இறங்கி வந்து, இயலாது என்ற பதிலாக முடிந்தது. அந்தக் கடிதம் அமெரிக்க ஆவணக் காப்பகத்தில் இருந்தது. பல பத்தாண்டுகள் கழித்துத்தான் கண்டெடுத்தார்கள். எந்த நாட்டிலும் கோப்பைத் தொலைப்பதில்லை. தூங்க வைப்பார்கள், அவ்வளவுதான்.

நியாயமாகச் சொல்லவேண்டும்: மற்றவர்கள் மூடியபோது பிரிட்டன் பாதிக் கதவைத் திறந்தது. 1938 நவம்பரில் யூதர் கடைகளையும் கோயில்களையும் உடைத்து எரித்த அந்த இரவுகளுக்குப் பிறகு, ஜெர்மனி, ஆஸ்திரியா, செக்கோஸ்லோவாக்கியா, போலந்து எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 10,000 குழந்தைகளை ஏற்றுக்கொண்டது. பதினேழு வயதுக்கு உட்பட்டவர்கள்; தனியாக வரவேண்டும். தனியாக என்ற சொல்லைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். கழுத்தில் எண் எழுதிய அட்டையோடு குழந்தை வரலாம், அம்மா வரக்கூடாது. ரயில் நிலையக் காட்சிகளில் நடைமேடையில் நிற்கும் பெற்றோரை உங்கள் ஒளிப்பதிவாளர் எவ்வளவு அன்போடு காட்டினாலும், அவர்கள் ஏன் அந்த ரயிலில் ஏறவில்லை என்பதைப் பார்க்கிறவர் தானாகக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. விதி அப்படி என்று நினைத்துக்கொள்வார். எந்த விதி? எத்தனையாவது பிரிவு? அந்தப் பெற்றோரில் பெரும்பாலோர் திரும்பக் கிடைக்கவில்லை.

விண்டன் குழந்தைகளின் படங்களை அட்டைகளில் ஒட்டி, விருப்பமுள்ள குடும்பங்களிடம் அனுப்பித் தேர்ந்தெடுக்கச் செய்தார். கல்யாணத் தரகர் பையிலிருந்து படங்களை எடுத்துப் பாயில் பரப்புவதுபோல. பார்க்கச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் பல குழந்தைகளுக்கு வீடு கிடைத்தது அப்படித்தான். யூதக் குழந்தைகளைக் கிறிஸ்தவ வீடுகளில் விடலாமா என்று சில ரபிக்கள், அதாவது யூத மதகுருக்கள், எதிர்த்தபோதும் அவர் நிற்கவில்லை. அந்த ரபிக்களின் பயத்தை நான் சிரித்துத் தள்ளமாட்டேன். உயிர் தப்பிய பிள்ளை தன்னை மறந்துபோவதும் ஓர் இழப்புதான். ஆனால் மணி ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது விற்றவர்களிடம் வருகிறேன். 2024 ஜனவரியில் பிரிட்டனில் படம் வெளியானபோது சில விளம்பரக் குறிப்புகள் இந்தக் குழந்தைகளை ‘மத்திய ஐரோப்பியக் குழந்தைகள்’ என்று எழுதின. யூதர் என்ற சொல் அந்த வரியில் இல்லை. எதிர்ப்பு வந்தது, திருத்தினீர்கள். திருத்தியதை மதிக்கிறேன். இருந்தாலும் முதலில் அது எப்படிப் போனது என்று கேட்கும் உரிமை, வாழ்நாள் முழுக்கப் படிவத்தின் கட்டங்களை நிரப்பியவன் என்ற முறையில், எனக்கு உண்டு.

1938 அக்டோபரில் ஜெர்மன் யூதர்களின் கடவுச்சீட்டுகளில் சிவப்பு மையில், ஜெர்மன் மொழியில் யூதரைக் குறிக்கும் ‘ஜெ’ என்ற ஒற்றை எழுத்து முத்திரை குத்தப்பட்டது. எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அந்த எழுத்து அவர்களுக்கு முன்னால் போய் நின்றது. கொல்ல வந்தவர்கள் ஒரு நிமிடமும் மறக்காத சொல் அது. மத்திய ஐரோப்பியர் என்பதற்காக எந்தக் குழந்தையையும் அவர்கள் தேடவில்லை. 669 பேரில் யூதரல்லாத சிலரும் உண்டு என்று ஓர் அதிகாரி குறுக்கே பேசக்கூடும். சரி, மிகப் பெரும்பாலோர் என்று எழுதுங்கள். அதற்கும் சேர்த்து இரண்டு சொல்தான். யாருக்கும் உறுத்தாமல் எல்லாருக்கும் விற்கவேண்டும் என்று யாரோ ஒருவர், ஒரு மேசையில், நல்ல எண்ணத்தோடு அந்தச் சொல்லை அடித்திருப்பார். மறுபடியும் என் ஆள்தான். அவரைப் படத்துக்குள் தேடிக்கொண்டிருந்தேன். விளம்பரப் பிரிவில் இருந்திருக்கிறார்.

இதில் விண்டனின் சொந்த நிலைமை வேறு வேடிக்கை. ஜெர்மன் யூத வேர்கள் உள்ள பெற்றோர். குடும்பம் மதம் மாறியது. அவருக்கு ஞானஸ்நானம் ஆனது. வெர்தைம் என்ற குடும்பப் பெயர் விண்டன் ஆனது. நாஜிச் சட்டம் பாட்டன் பாட்டியை எண்ணித்தான் யூதர் யார் என்று முடிவு செய்தது, ஞானஸ்நானத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. பிராகில் பிறந்திருந்தால் அவரே அந்த வரிசையில் நின்றிருப்பார். இஸ்ரேலின் யாட் வாஷெம் நினைவகம், யூதர்களைக் காப்பாற்றிய யூதரல்லாதவர்களுக்குக் கொடுக்கும் பட்டத்தை அவருக்குக் கொடுக்க முடியவில்லை, அதே பூர்விகம் காரணமாக. அங்கும் விதி விதிதான். யாரைக் குற்றம் சொல்ல?

தொலைக்காட்சிக் காட்சிக்கு வருகிறேன்; வராமல் உங்களுக்கு எழுத முடியுமா? 1988. அரங்கில் கிழவராகிவிட்ட விண்டன் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய பழைய தொகுப்பேட்டை நிகழ்ச்சித் தொகுப்பாளர் புரட்டுகிறார். பக்கத்தில் இருக்கும் பெண் அவர் காப்பாற்றிய குழந்தை. பிறகு இன்னொரு நாள், இவரால் உயிர் பிழைத்தவர்கள் யாராவது இருந்தால் எழுந்து நில்லுங்கள் என்கிறார்கள். சுற்றி இருந்த அத்தனை பேரும் எழுகிறார்கள். முதிய விண்டனாக நடித்த ஆண்டனி ஹாப்கின்ஸ் திரும்பிப் பார்க்கும் அந்தப் பார்வைக்கு நான் என்ன விலை சொல்ல? படப்பிடிப்பில் எழுந்து நின்றவர்களில் மெய்யாகவே அந்தக் குடும்பங்களின் வாரிசுகள் இருந்தார்கள் என்று பின்னால் படித்தபோது மறுபடி தொண்டை அடைத்தது.

ஆனால் அந்த அரங்கில் இல்லாதவர்களைப் பற்றி. டோரீன் வாரினர், பொருளாதார ஆசிரியை, விண்டனுக்கு முன்பே 1938 அக்டோபரில் பிராக் போனவர். கைதாகும் நிலை வரும்வரை இருந்தவர். டிரெவர் சாட்விக், ஸ்வானேஜ் ஊரில் பள்ளி ஆசிரியர்; விண்டன் ஜனவரியில் லண்டன் திரும்பியபின் நாஜிகள் வந்த ஊரிலேயே தங்கி, குழந்தைகளை ரயிலேற்றியவர். உண்மையான வீரர் அவர்தான் என்று விண்டனே திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். வாரினர் 1972-இல் இறந்தார், சாட்விக் 1979-இல். யாரும் அவர்களுக்காக அரங்கத்தில் எழுந்து நிற்கவில்லை. படத்தின் முன்பாதியில் இருவருக்கும் உரிய இடம் கொடுத்திருக்கிறீர்கள், மறுக்கவில்லை. கைதட்டலின்போதும் அவர்களுக்கு இரண்டு காலி நாற்காலி போட்டிருக்கலாம். சினிமாவில் அதற்கு வழி தெரியாதவர்களா நீங்கள்?

இன்னொரு ரயிலும் இருக்கிறது. 1939 செப்டம்பர் 1. சுமார் 250 குழந்தைகள். அன்று போர் தொடங்கிவிட்டது. ரயில் போய்ச் சேரவில்லை. அந்தக் குழந்தைகளில் மிகச் சிலரே போருக்குப் பின் உயிரோடு இருந்தார்கள். இதை நீங்கள் மறைக்கவில்லை. கிழவரின் தூக்கத்தை அது கெடுப்பதாகவே காட்டுகிறீர்கள். எனக்கு ஒரு கேள்விதான். ஆகஸ்ட் 2-க்கும் செப்டம்பர் 1-க்கும் இடையே முப்பது நாள் இருக்கிறது. அந்த 250 தாள்களில் எத்தனை தாள் ஜூலையிலேயே தயாராகியிருக்க முடியும்? விண்டன் தன்னைத்தானே நொந்துகொண்டு ஐம்பது ஆண்டு வாழ்கிறார். நிலுவை என்று எழுதிய கை எதுவோ, அது நிம்மதியாக ஓய்வூதியம் வாங்கியிருக்கும். நானும் வாங்குகிறேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களால் எதுவும் செய்திருக்க முடியாது என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்புங்கள். சுவிட்சர்லாந்தின் சாங்க்ட் காலன் மாநிலத்தில் பால் குருனிங்கர் என்றொரு போலீஸ் அதிகாரி. 1938 ஆகஸ்டில் எல்லையை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. அதற்குப் பிறகு வந்தவர்களின் தாள்களில் உத்தரவுக்கு முந்தைய தேதியைப் போட்டார். தேதியை முன்தள்ளிப் போடுவது! எங்கள் தொழிலில் அதைவிடப் பெரிய பாவம் கிடையாது. நூற்றுக்கணக்கான யூதர்கள் அந்தப் பாவத்தால் பிழைத்தார்கள். 1939-இல் வேலையை இழந்தார், 1940-இல் தண்டனை பெற்றார், 1972-இல் வறுமையில் இறந்தார். நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று சொன்னது 1995-இல். லிதுவேனியாவில் ஜப்பானியத் துணைத் தூதர் சியுனே சுகிஹாரா, 1940 கோடையில், டோக்கியோ மறுத்த பிறகும் கை வலிக்க வலிக்க இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட விசாக்களைக் கையாலேயே எழுதிக் கொடுத்தார். அதே நாற்காலி, அதே முத்திரை, அதே மை. இவ்விருவர் கதைகளையும் மற்றவர்கள் படமாக்கியிருக்கிறார்கள். அவர்களைப் பார்த்த பிறகுதான், லண்டன் எழுத்தரை மன்னிப்பது எனக்குக் கடினமாகிறது. என்னையும்.

கடைசியாக ஒன்று. விண்டன் காப்பாற்றிய குழந்தைகளில் ஒருவர் ஆல்ஃப் டப்ஸ். ஆறு வயதில் பிராகிலிருந்து ரயிலேறியவர். வளர்ந்து பிரிட்டிஷ் மேலவை உறுப்பினர் ஆனார். 2016-இல், ஐரோப்பாவில் துணையின்றி அலையும் அகதிக் குழந்தைகள் 3,000 பேரைப் பிரிட்டன் ஏற்கவேண்டும் என்று போராடினார். எண்ணைக் குறிப்பிடாமல் சட்டத்தில் அந்தப் பிரிவு ஏறியது. அடுத்த ஆண்டே அரசு கணக்கை மூடத் தொடங்கியது. இறுதியில் 480 இடங்கள் என்று நின்றது. உள்ளூர் மன்றங்களில் இடம் இல்லை என்பது சொல்லப்பட்ட காரணம். எழுபத்தேழு ஆண்டுகளுக்குப் பிறகு, அதே லண்டனில், அதே குழந்தை, முதியவராகி மனுவோடு நிற்கிறது. மேசைக்கு அந்தப் பக்கமும் ஆள் இருந்தது. நீங்கள் இதைவிட நல்ல இரண்டாம் பாகத்துக்கு எங்கே போய்க் கதை தேடுவீர்கள்?

ஆகவே என் கோரிக்கை இதுதான். அடுத்த மீட்புக் கதையை எடுக்கும்போது, நீங்களோ உங்கள் தொழிலைச் சேர்ந்த வேறு எவரோ, கேமராவை ஒரு பத்து நிமிடம் மேசைக்கு அந்தப் பக்கம் வையுங்கள். வில்லன் வேண்டாம். காலையில் வந்து மேற்சட்டையை மாட்டுகிறார், தபாலைப் பிரிக்கிறார், பென்சிலைச் சீவுகிறார். ஒரு குழந்தையின் புகைப்படம் விண்ணப்பத்திலிருந்து கழன்று கீழே விழுகிறது. எடுத்துக் குண்டூசி குத்தி வைக்கிறார். தேநீர் வருகிறது. இணைப்புகளை எண்ணுகிறார், ஒன்று குறைகிறது. குறிப்பு எழுதுகிறார். மணி ஐந்து அடிக்கிறது. விளக்கை அணைக்கிறார். பின்னணி இசை வேண்டாம், தாள் சத்தம் போதும். அவர் கையெழுத்து அழகாக இருக்கட்டும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற எழுத்தர் ஒருவர்.

இணைப்பு: இல்லை.

நகல்: அந்த அம்மாளின் கோப்புக்கு.